பழைய ஹெரால்டு பாகங்களுக்கு மறுபடி பெயின்ட்: முழுக்க உரிப்பதா, இருப்பதன் மேலேயே அடிப்பதா?

ஹெரால்டு_67 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. அப்பா 1981ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மெட்ராஸிலேயே தயாரான கார் என்பதில் அவருக்கு இன்றைக்கும் பெருமை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் வரை போய்வருகிறோம். பிரச்சினை பெயின்ட்தான்.

மூன்று வருடம் முன்பு ஒரு பட்டறையில் முழு பெயின்ட் வேலைக்கு விட்டோம். வண்டியைக் கொடுத்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் பானட்டில் கடுகு அளவில் கொப்புளங்கள், கதவுகளின் கீழ் விளிம்பில் மிளகு அளவில் உப்பல், டிக்கி மூடியில் ஓர் இடத்தில் பாலாடை மாதிரிச் சுருக்கம். இரண்டாவது மழைக்குப் பிறகு கதவின் கீழே நகத்தால் கிள்ளினாலே பெயின்ட் தகடாக வந்துவிடுகிறது, அடியில் துரு.

இந்தத் தடவை நானே செய்வது என்று முடிவு செய்திருக்கிறேன். பானட், டிக்கி மூடி, இரண்டு கதவு, நாலு வீல் எல்லாவற்றையும் கழற்றி மொட்டைமாடி ஷெட்டில் வைத்தாகிவிட்டது. கையில் இருப்பது நாலு இஞ்ச் கிரைண்டர், வாடகைக்கு எடுக்கக்கூடிய கம்ப்ரஸர், வார இறுதி நாட்கள். கலர் அடிக்கும் கலையைப் பற்றி இப்போது கேட்கவில்லை, அதற்கு முந்தைய வேலையைத்தான் கேட்கிறேன். பழைய பெயின்ட்டை முழுக்க உரித்து இரும்பைப் பார்க்க வேண்டுமா? அல்லது நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தை விட்டுவிட்டுப் போனதை மட்டும் சரி செய்தால் போதுமா? ஒருவர் காஸ்டிக் சோடா தொட்டியில் போடச் சொல்கிறார், இன்னொருவர் மணலை வேகமாக அடித்து உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் என்கிறார். வீடு திருவான்மியூர், கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. அப்பாவுக்கு 76 வயது, இந்த வண்டியை அவர் மறுபடி பழைய அழகோடு பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_பெயின்டர் எழுதியது:

தம்பி, முதலில் கிரைண்டரைக் கீழே வையுங்கள். எது விட்டுப்போனது என்று தெரியாமல் உரிக்க ஆரம்பித்தால் மறுபடியும் அதே தப்பைத்தான் புதுப் பெயின்ட்டில் செய்வீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் டிங்கரிங், பெயின்டிங் பட்டறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், கொப்புளம் எல்லாம் ஒரே நோய் இல்லை.

ஒரு ஊசி எடுத்துக்கொண்டு பானட்டில் நாலைந்து கொப்புளத்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் கசிகிறதா, அடியில் என்ன நிறம் தெரிகிறது என்பதைப் பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் இரும்பு தெரிந்தால், அதுவும் கறுப்புப் புள்ளியோடு தெரிந்தால், பிரைமருக்குக் கீழேயே உப்போ துருவோ இருந்திருக்கிறது, அந்த இடத்தில் இரும்பு வரை போகாமல் வழியில்லை. அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, தெரிந்தால் அது தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். அடியில் பழைய பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தால், முன்பு அடித்தவர்கள் சரியாகத் தேய்க்காமல் அடித்திருக்கிறார்கள், அல்லது மெழுகு, பாலிஷ் போகத் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள்.

அடுத்து தின்னர் சோதனை. வெளியே தெரியாத இடத்தில், டிக்கி மூடியின் உள்விளிம்பு மாதிரி, வெள்ளைப் பனியன் துணியை என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கலர் கரைந்து துணியில் வந்தால் அது பழைய என்சி பெயின்ட், நாம் டூக்கோ என்போமே அதுதான். தோல் மாதிரிச் சுருங்கி எழுந்தால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால், இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடித்த டூ-கே பெயின்ட். மேல் கோட்டுக்கு மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள், உள்ளங்கை அளவு இடத்தை 120 நம்பர் பேப்பரில் (உப்புத்தாள்) சாய்வாகத் தேய்த்தால் மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு கோட்டும் ஒரு வளையமாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்திலும் தின்னர் வைத்துப் பாருங்கள். 67 மாடல் வண்டிக்கு ஐந்தாறு வளையம் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

டிக்கியில் சுருக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கே நடுவில் ஓர் எனாமல் கோட் இருக்கும் என்று தோன்றுகிறது. எனாமலுக்கு மேல் வீரியமான தின்னர் கலந்த பிரைமர் விழுந்தால் அது ஊறி எழும். அது பெயின்டருடைய கைப்பழுது இல்லை, சோதித்துப் பார்க்காத பழுது.

ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிப் பேனல் முழுக்க நகர்த்தியும் பாருங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே பட்டி கனமாக இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிவிட்டு வாருங்கள், அப்புறம் எதை உரிப்பது என்று பேசலாம்.

ராயபுரம்_ஒர்க்ஷாப் எழுதியது:

இவ்வளவு சோதனை எதற்கு? காஸ்டிக் தொட்டியில் ஒரு ராத்திரி போட்டால் காலையில் வெறும் இரும்பு கைக்கு வந்துவிடும். நாங்கள் லாரி வீல், சேசிஸ் பிராக்கெட் எல்லாம் அப்படித்தான் செய்கிறோம். ஒரு கோட் ரெட் ஆக்சைடு, மேலே கலர். முடிந்தது.

லேப்_அக்கா எழுதியது:

அண்ணா, வீலுக்கும் பிராக்கெட்டுக்கும் நீங்கள் சொல்வது பொருந்தும். ஹெரால்டு பானட்டுக்கு வேண்டாம் என்று நான் கெஞ்சியே கேட்பேன். கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன், வீட்டில் ஒரு பழைய ஃபியட்டும் இருக்கிறது, அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

ஹெரால்டில் முன் மட்கார்டும் பானட்டும் சேர்ந்து ஒரே பாகமாக முன்னால் சாயும். அதில் மடிப்புகள், ஸ்பாட் வெல்டு அடித்த இரட்டைத் தகடுகள், உள் வலுவூட்டும் பட்டைகள் எல்லாம் உண்டு. காஸ்டிக் சோடா அந்த மடிப்புகளுக்குள் புகுந்தால் வெறும் தண்ணீரில் கழுவி எடுப்பது மிகக் கஷ்டம். உள்ளே தங்கிய காரம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே கசிந்து, புதுப் பெயின்ட்டை ஓரத்திலிருந்து தூக்கும். மாதக் கணக்கு கழித்துக்கூட இது நடக்கும். அலுமினியமும் துத்தநாக வார்ப்புப் பாகங்களும், அதாவது சில கைப்பிடிகள், எழுத்துச் சின்னங்கள், பீடிங் பட்டைகள், காஸ்டிக்கில் கரைந்தே போகும். கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. கதவை எதில் போடுவதாக இருந்தாலும் முதலில் அதிலுள்ள எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காஸ்டிக் கரைசல் நீங்களே தயாரிக்க நேர்ந்தால் தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கடையில் விற்கும் பெயின்ட் ரிமூவர் வாங்கினால் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வேகமாக வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய இடத்தில் தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. சாதாரண முகமூடியோ கரி அடைத்த முகமூடியோ அதற்குப் போதாது. திறந்த மாடியில், காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்று மட்டும் செய்யுங்கள். சாதாரண ரப்பர் கையுறை வழியாக அது சீக்கிரமே ஊடுருவிவிடும், அதைத் தாங்கும் கையுறை தேவை.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். 1967 வண்டியின் அடிக் கோட்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் லெட் குரோமேட் பரவலாகப் பயன்பட்டது. இந்தியாவில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான், அதுவும் வீட்டு, அலங்கார பெயின்ட்டுக்குத்தான். அதனால் உலர்ந்த நிலையில் கிரைண்டர் போட்டுப் பறக்கவிடாதீர்கள். பெயின்ட் கோட்டுகளைத் தண்ணீர் போட்டுத் தேயுங்கள், கீழே பாலிதீன் ஷீட் விரித்துச் சேற்றை அள்ளிக் கட்டி வையுங்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மாடிக்கு வரவே விடாதீர்கள்.

ரெட் ஆக்சைடு என்றதும் பலர் ஈயம் என்று பயப்படுகிறார்கள். ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு, ரெட் லெட் என்ற ஈய ஆக்சைடு வேறு. ரெட் ஆக்சைடு பிரைமர் கொடிய விஷம் இல்லை, ஆனால் கடற்கரைக் காற்றில் அதை மட்டும் நம்பி இரும்பை விடுவது போதாது.

ஹெரால்டு_67 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, எனக்கு நாலு வயது மகள் இருக்கிறாள், நான் மாடிக்குப் போனால் பின்னாலேயே வருவாள். நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

சோதனை முடிவு இதோ. பானட்: மேலே வெள்ளை, அதற்குத் தின்னரில் ஒன்றும் ஆகவில்லை. அதன் கீழே சாம்பல் பிரைமர், அதன் கீழே கிரீம் கலர், அது துணியில் அப்படியே கரைந்து வந்தது, அதன் கீழே ஒரு வெளிர் நீலம், அதுவும் கரைந்தது. அப்பாவிடம் காட்டினேன், வாங்கும்போது வண்டி அந்த நீலத்தில்தான் இருந்தது என்கிறார். கொப்புளங்களை உடைத்ததில் பாதிக்கு மேல் இரும்பு தெரிந்தது, கறுப்புப் புள்ளிகளோடு.

டிக்கி மூடி: அண்ணன் சொன்னது அப்படியே சரி. வெள்ளைக்கும் கிரீமுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கிரீம் கோட், தின்னர் பட்டதும் சுருங்கி எழுந்தது. யாரோ ஒருகாலத்தில் பிரஷ்ஷிலேயே எனாமல் அடித்திருக்கிறார்கள் போல, தேய்த்தால் பிரஷ் கோடு தெரிகிறது.

கதவுகள்: மேல்பாதி கல் மாதிரி ஒட்டியிருக்கிறது, பிளேடு வைத்துச் சுரண்டினாலும் வரவில்லை. கீழே நாலு இஞ்ச் உயரத்துக்குக் காந்தம் ஒட்டவேயில்லை. சுரண்டினால் பட்டி ஈரமாக, பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. ஒரு வருத்தமான விஷயமும் கண்டேன்: கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மூன்றும் பட்டியால் அடைபட்டிருக்கின்றன.

கோவை_பெயின்டர் எழுதியது:

அந்தக் கடைசி வரிதான் உங்கள் கதவின் முழுக்கதை. கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எந்தக் காரிலும் இறங்கும், கீழே ஓட்டை வழியாகப் போய்விடும். ஓட்டையை அடைத்தால் கதவே ஒரு தொட்டி. வெளியே என்ன விலைக்கு பெயின்ட் அடித்தாலும் உள்ளிருந்து துரு வரும்.

இப்போது பாகம் பாகமாகச் சொல்கிறேன்.

டிக்கி மூடி: முழுக்க உரியுங்கள். எனாமல் நடுவில் இருக்கும்வரை நம்பவே முடியாது. 80 நம்பரில் மேலே கீறல் போட்டுவிட்டு ரிமூவரை ஒரே திசையில் தடிமனாகப் பூசுங்கள், திரும்பத் திரும்ப இழுத்தால் வீரியம் ஆவியாகப் போய்விடும். மேலே பாலிதீன் போர்த்தி டப்பாவில் போட்ட நேரம்வரை விடுங்கள், அவசரப்பட்டுச் சுரண்டினால் பாதிதான் வரும். ஓரத்தில் ஓர் இஞ்ச் அகலத்துக்கு டேப் ஒட்டி விட்டுவிடுங்கள், அந்த ஓரத்தைக் கையால் பேப்பர் போட்டு எடுக்கலாம். மடிப்புக்குள் ரிமூவர் போகக் கூடாது, அக்கா காஸ்டிக்குக்குச் சொன்னதே இதற்கும்.

பானட்: இதுவும் வெளிப்பக்கம் முழுக்க. பாதிக் கொப்புளத்துக்கு அடியில் இரும்பு தெரிகிறது என்றால் மீதி இடத்தில் இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. ஆனால் உள்பக்கம் பழைய நீல பெயின்ட் கெட்டியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஐம்பது வருடம் நின்ற கோட்டைவிட நாம் மாடியில் அடிக்கும் கோட் உயர்ந்ததாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சுத்தம் செய்து, லேசாகத் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் ஒரு கோட் போட்டு மூடினால் போதும்.

கதவு: மேல்பாதி இருக்கட்டும். கீழே அந்தப் பட்டி மொத்தத்தையும் எடுத்து, நல்ல இரும்பு தெரியும் இடம்வரை போங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும் தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு டிங்கரிடம் போங்கள். அப்புறம் மேலும் கீழும் சேரும் எல்லையில் ஒவ்வொரு கோட்டும் அகலமாகப் படிப்படியாக இறங்கும்படி சாய்வாகத் தேய்க்க வேண்டும், 80, 120, 180, 320 என்று. விரலால் தடவினால் படி தட்டுப்படக் கூடாது. கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. அந்தச் சாய்வில் கிரீமும் நீலமும், அதாவது தின்னரில் கரையும் கோட்டுகள், வெளியே தெரியும். அவற்றின் மேல் எபாக்ஸியை முதலில் மெல்லிய கோட்டாக விட்டு, ஆறவிட்டு, பிறகு அடுத்த கோட். ஒரேயடியாக ஈரமாக ஊற்றினால் அங்கே ஒரு வளையம் எழும்.

வீல்: பிளாஸ்டிங் கொடுங்கள், தடித்த இரும்பு, தாங்கும்.

சேலம்_பத்மினி எழுதியது:

பிளாஸ்டிங் பற்றி நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் பிரீமியர் பத்மினி பானட்டை ஓர் இடத்தில் சாண்ட் பிளாஸ்டிங் கொடுத்தேன். திரும்பி வந்தபோது துரு ஒரு பொட்டு இல்லை, ஆனால் நடுப்பகுதி அலையலையாக இருந்தது. சூட்டில் வளைந்தது என்று நினைத்தேன், பிறகுதான் புரிந்தது, மணல் துகள் ஒவ்வொன்றும் சின்னச் சுத்தியல் மாதிரி அடித்துத் தகட்டின் மேல்தோலை நீட்டிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் சுமாரான தகட்டில் அழுத்தமாக அடித்தால் திரும்பச் சரி செய்வது பெரிய டிங்கருக்கே வேலை. அதனால் பானட், டிக்கி, கதவின் பரந்த பகுதி எதுவும் வேண்டாம். வீல், கீல், பிராக்கெட் மட்டும். ஆற்று மணல் போட்டு அடிக்கும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள், அந்த சிலிகா தூசி அடிக்கிறவருடைய நுரையீரலை அழிக்கிறது. மணலுக்குப் பதில் கார்னெட் என்ற கனிமத் துகள் போடும் இடமாகத் தேடுங்கள்.

சின்னப் பாகங்களுக்கு நான் எலுமிச்சை உப்புதான், அதாவது சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம். கீல்கள், போல்ட் பிளேட்டுகள் எல்லாம் ஒரு ராத்திரி ஊறினால் துரு கறுப்புக் கூழாகி பிரஷ்ஷுக்கே போய்விடும். துத்தநாக முலாம் போட்ட பாகமாக இருந்தால் முலாமும் சேர்ந்து போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஸ்பிரிங் மாதிரி விறைப்பான எஃகை ஆசிட்டில் ஊறவைக்க வேண்டாம்.

கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் மாட்டித் துருவை எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்கப் பளபளவென்று ஆகிவிடும், ஏமாந்துவிடாதீர்கள். குழிக்குள் இருக்கும் துருவை அது மெருகேற்றிவிட்டுப் போகிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்கு பாஸ்பாரிக் ஆசிட் ஜெல் தடவி, காய விடாமல் கால் மணி நேரம் வைத்து, பச்சை ஸ்க்ரப்பரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆகும்.

கோவை அண்ணனிடம் ஒரு கேள்வி. பட்டி இரும்பின் மேல் நேராகவா, எபாக்ஸிக்கு மேலா? எங்கள் ஊர் பெயின்டர் நேராக இரும்பில்தான் பிடிக்கும் என்று அடித்துச் சொல்கிறார்.

கோவை_பெயின்டர் எழுதியது:

நானும் இருபது வருடம் நேராக இரும்பில்தான் போட்டேன், நன்றாகவே பிடிக்கும், அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் கடற்கரை ஊரில், வார இறுதியில் மட்டும் வேலை செய்கிறவருக்கு நான் எபாக்ஸிக்கு மேல்தான் என்பேன். காரணம் எளிது: வெறும் இரும்பு திருவான்மியூர் மாடியில் ஒரு ராத்திரி இருந்தால் காலையில் மஞ்சள் பூத்துவிடும். உரித்த அன்றே எபாக்ஸி இரண்டு கோட் போட்டுவிட்டால் அடுத்த ஞாயிறு வரை நிம்மதியாகத் தூங்கலாம். அடுத்த வாரம் 120 போட்டுக் கீறிவிட்டு அதன் மேல் பட்டி.

பட்டியில் இரண்டு விஷயம். ஹார்ட்னர் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, கண்ணளவில் போடாதீர்கள், அதிகம் போட்டால் அந்தக் கறை மேல் கலரில் வந்து தெரியும். சென்னை வெயிலில் நாலு நிமிடத்தில் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். இரண்டாவது, பட்டியை ஒருபோதும் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள். அது ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடிக்கும். உங்கள் பட்டறைக்காரர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, அன்று சாயங்காலமே பிரைமர் அடித்திருப்பார், பட்டி தெரிந்த கொப்புளங்கள் அங்கே பிறந்தவைதான். பட்டியில் ஈயம் இல்லை, உலர்ந்தபடி மாஸ்க் போட்டுத் தேய்க்கலாம். தண்ணீர்ப் பேப்பர் எல்லாம் சர்ஃபேசர், அதாவது கலருக்கு முன் மேற்பரப்பைச் சமமாக்கும் கோட், வந்தபிறகு, 400, 600.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் துடைப்பது. இதைப் பலர் தேய்த்த பிறகு செய்கிறார்கள், தேய்ப்பதற்கு முன்னாலும் செய்ய வேண்டும். மெழுகும் சிலிக்கான் பாலிஷும் மேலே இருக்கும்போது பேப்பர் போட்டால் அதை நீங்களே கீறலுக்குள் தள்ளித் திணிக்கிறீர்கள். பிறகு கலர் அடிக்கும்போது மீன்கண் மாதிரிக் குழி விழும். இரண்டு துணி வேண்டும், ஒன்றில் கிரீஸ் ரிமூவர் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் அழுக்கு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், பெட்ரோல் தீப்பிடிக்கும். கடைசித் துடைப்புக்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையும் உப்புத்தான்.

லேப்_அக்கா எழுதியது:

உப்பு என்றதும் நினைவு வந்தது, முன்பே எழுதியிருக்க வேண்டும். பானட்டில் கடுகு மாதிரிக் கொப்புளம் வந்ததற்கு என் கணிப்பு உங்கள் போர் தண்ணீர். அந்தப் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்குமே? அதில் கழுவிக் காயவைத்தால் உப்பு இரும்பின் மேல் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் என்பது முழுக்கத் தண்ணீர் புகாத சுவர் இல்லை, ஈரம் மெல்ல ஊடுருவும். உள்ளே உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஊறவைத்த உலர்ந்த திராட்சை உப்புவது மாதிரி, கொப்புளம் பிறக்கும். அதனால் ஆசிட் ஜெல்லுக்குப் பிறகு, தண்ணீர்ப் பேப்பருக்குப் பிறகு, எதற்கும் கடைசி அலசல் கேன் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ இருக்கட்டும். பானட்டுக்கு ஒரு கேன் போதும். அலசியதும் வெயிலுக்குக் காத்திருக்காமல் ஹாட் ஏர் பிளோயரால் உடனே காயவையுங்கள்.

பாஸ்பாரிக் ஆசிட் மிச்சமிருந்தால் அதன் மேல் எபாக்ஸி சரியாக இறுகாது, கலக்கும் ஹார்ட்னர் காரத்தன்மை உடையது, ஆசிட் அதைத் தின்றுவிடும். இரும்பை ஆசிட்டால் லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரும் எபாக்ஸியும் ஒன்றன்மேல் ஒன்று போடலாமா என்று யாராவது கேட்பார்கள், அந்தந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத் தாளைப் படிக்காமல் கலக்க வேண்டாம்.

டூ-கே சர்ஃபேசருக்கும் கலருக்கும் போடும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் வாழ்நாள் ஆஸ்துமா. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு அதை அடிக்காதீர்கள். தனிக் காற்றுக் குழாய் வரும் முகமூடி இல்லையென்றால் அந்தக் கட்டத்தை மட்டும் வசதியுள்ள ஓர் இடத்தில் கொடுத்து அடித்துக்கொள்ளலாம், தயாரிப்பு வேலையெல்லாம் உங்கள் கையிலேயே இருந்துவிடும்.

ராயபுரம்_ஒர்க்ஷாப் எழுதியது:

அக்கா சொன்ன மடிப்பு விஷயம் சரிதான். யோசித்துப் பார்த்தால், நாங்கள் காஸ்டிக்கில் போட்ட ஒரு வேன் கதவு ஓரத்திலேயே பொரிந்து திரும்பி வந்தது உண்டு, பெயின்ட் மேல்தான் பழி போட்டோம். தம்பி, கம்ப்ரஸர் வாடகைக்கு எடுக்கும்போது டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை முதலில் வடியுங்கள், லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கேட்டு வாங்குங்கள். வாடகைக் கம்ப்ரஸரில் எப்போதும் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும்.

ஹெரால்டு_67 எழுதியது:

ஆறு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

டிக்கி மூடியை முதலில் எடுத்தேன், சின்னது என்பதால். ரிமூவர் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. ஓரத்தை மட்டும் கையால் எடுக்கவே ஒரு முழு நாள் போனது. இரும்பு தெரிந்த அன்றே மாலை நாலு மணிக்குள் எபாக்ஸி இரண்டு கோட். ஐந்து வாரமாக அப்படியே இருக்கிறது, நகத்தால் கீறினாலும் அசையவில்லை. பானட்டில் கறுப்புப் புள்ளிகள் நான் நினைத்ததைவிட அதிகம், ஆசிட் ஜெல் நாலு தடவை ஆனது. கடைசி அலசலுக்கு இருபது லிட்டர் கேன் ஒன்று. அதே இடத்தில் போர் தண்ணீரை ஒரு பழைய தகட்டில் ஊற்றிக் காயவைத்துப் பார்த்தேன், வெள்ளையாகப் படிந்தது. மூன்று வருடம் முன்பு அந்தப் பட்டறையிலும் இதே பகுதித் தண்ணீர்தான்.

இடதுபக்கக் கதவுக்குக் கீழே தகடு வெட்டிப் போட வேண்டி வந்தது, ஒரு டிங்கர் வந்து மாடியிலேயே அளவெடுத்துப் போனார். வலதுபக்கம் தப்பித்தது. ஆறு ஓட்டையும் திறந்தாயிற்று. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி விட்டு அவரே சரிபார்த்தார், கதவுக்குள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்றும் பார்த்தார்.

இப்போது ஒரு சந்தேகம். மழை தொடங்கப்போகிறது. பானட்டும் கதவும் எபாக்ஸியில் இருக்கின்றன. சர்ஃபேசரை இப்போதே அடித்துவிடலாமா?

கோவை_பெயின்டர் எழுதியது:

இப்போது வேண்டாம். தகட்டின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் சூட்டைவிட, குறைந்தது மூன்று டிகிரி மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்ப்ரே கன்னைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் மாடியில் அப்படி ஒரு நாள் கிடைப்பதே கஷ்டம். எபாக்ஸியில் இருக்கும்வரை இரும்புக்குப் பயமில்லை, ஆனால் வெயில் நேராகப் படாமல் மூடி வையுங்கள், எபாக்ஸி வெயிலில் மாவு பூக்கும். தை மாதம் வந்ததும் 180 போட்டுக் கீறி, இரண்டு துணியால் துடைத்து, அப்புறம் சர்ஃபேசர்.

கதவுகளைப் பானட் மேல் சாய்த்து வைக்காதீர்கள், தனித்தனியாக நிற்கட்டும். உள்பக்கம் அடி விளிம்பில் மெழுகு எண்ணெய் பூசுவது டாப்கோட் முடிந்து ஒரு மாதம் கழித்து மட்டும், இப்போது பூசினால் அது வெளியே வழிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். அப்பா எந்தக் கலர் கேட்கிறார், வெள்ளையா, அந்த நீலமா?

ஹெரால்டு_67 எழுதியது:

நீலம் அண்ணா. பானட்டின் உள்பக்கத்தில் நீங்கள் தொடாமல் விடச் சொன்ன இடத்தில் அது இன்னும் அப்படியே இருந்ததால், எபாக்ஸி போடுவதற்கு முன் கலர் கடைக்காரரை வரச் சொல்லி அதை வைத்தே ஷேடு எடுத்துவிட்டோம்.